ஊசிக்கு இரங்கியவர்

சுனாமிக்குப் பிறகு, தோணி இழந்தவர்களுக்குப் புதுத்தோணி கொடுத்த ஓர் அலுவலகத்தில், கணினி பார்த்த அவரைச் சந்தித்தேன். மெலிந்தவர். கணினிப் பெட்டியைக் காய்ச்சல்காரப் பிள்ளையைப் போல அடிக்கடி தொட்டுப் பார்ப்பார். கணினி நம் பெயரை எடுத்துக் கொடுத்தால்தான் தோணி. எனக்குப் பின்னால் வந்த கல்லடி ஊர்க்காரர் எல்லோரும் வாங்கிக்கொண்டு போனார்கள். வாழைச்சேனைக்காரனான நான் குந்தியே இருந்தேன்.

ஒருநாள், என் பெயர் ஏன் வரவில்லை என்று கூச்சத்தை விட்டுக் கேட்டேன்.

"உள்ளுக்குச் சுத்துற தட்டுல ஊசி ஒண்டு ஓடித்தான் பேரை எடுக்கும், அண்ணன். வந்த வரிசையில எடுத்தா அங்கயும் இங்கயும் ஓடிக் களைச்சிரும். கிட்டக் கிடக்கிறத முதல்ல எடுக்க வெச்சிட்டன். இப்ப பறக்குது!"

"வாழைச்சேனை எங்க கிடக்கு, சேர்?"

"தட்டுட விளிம்புல. ஊசிக்குக் கிட்டக் கிடக்கிறது கல்லடி. அது முடிஞ்ச மறுகா உங்கட பேர் வரும்."

"கல்லடி ஆக்கள் வந்துகொண்டே இருந்தா?"

பின்னால் நின்ற கல்லடிப் பெண் சிரித்தாள். "எங்கட ஊருக்குக் குடியிருக்க வாங்க, அண்ணன்!"

அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துப் பெட்டியின் மேல் வைத்தார். "பாருங்க, சூடே இல்ல."

உண்மைதான், குளிர்ந்திருந்தது.

நாலு வருடம் கழித்து, நாட்டில் நடந்த போர் முடிந்த பிறகும் நான் அடுத்தவர் தோணியில்தான் கூலிக்குப் போனேன். ஓர் ஊசியின் களைப்புக்கு அவ்வளவு இரங்கிய மனிதரை அதன்பின் நான் கண்டதில்லை.