நான் நீக்கிய மூன்று நாட்கள்

அந்தப் படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. முதல் கட்டத்தில் கோடு போட்டால் நான் மின்பொறியியல் மாணவி மட்டும். இரண்டாவதில் போட்டால் பொருளியல் மாணவி மட்டும். மூன்றாவது, இரண்டையும் தொடர விரும்புகிறவர்களுக்கு. அதற்குக் கீழே 'காரணம்' என்று போட்டு ஆறு வரி இடம் விட்டிருந்தார்கள். பொருளியலில் எகனோமெட்ரிக்ஸ் தாளில் நான் தோற்ற பிறகு பல்கலைக்கழகம் கொடுத்த படிவம் அது. மூன்று வாரமாக என் பையிலேயே கிடந்து, ஒரு மூலையில் கோப்பிக் கறையும் பட்டுவிட்டது. வரும் திங்கட்கிழமை கடைசி நாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

இரட்டைப் பட்டம் படிக்கிறேன் என்றால் ஆட்கள் என்னைக் கெட்டிக்காரி என்று நினைத்துவிடுகிறார்கள். நானும் மறுத்ததில்லை. உண்மை என்னவென்றால், எதை எடுப்பது என்று முடிவு செய்யத் தெரியாமல்தான் இரண்டையும் எடுத்தேன். அப்பா வயர்மேன். வீடு வீடாகப் போய் மின்சார வேலை செய்கிறவர். அவருடைய கம்பிச் சுருள்களுக்கு நடுவே வளர்ந்ததால் மின்பொறியியல் எனக்குப் பழகிய வாசனை. பொருளியல் பிடித்ததற்குக் காரணம் வேறு. நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்தை ஏன் விற்றார்கள், விற்றதில் யாருக்கு என்ன கிடைத்தது என்று சின்ன வயதில் கேட்டபோது யாரும் எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அந்த எரிச்சல் போகவே இல்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று சொன்னபோது ஐந்து வருடம் தள்ளிப்போட ஒரு வழி கிடைத்தது. பிடித்துக்கொண்டேன்.

எங்கள் பல்கலைக்கழகம் பழைய ஈயச் சுரங்க நிலத்தில் இருக்கிறது. ஈயம் தோண்டிய பள்ளம் இப்போது நடுவில் ஏரியாகக் கிடக்கிறது. இந்தக் கரையில் பொறியியல், அந்தக் கரையில் பொருளியல். சுற்றிப் போனால் கால் மணி நேரம். இரண்டு வகுப்புக்கும் நடுவே எனக்குக் கிடைப்பது பத்து நிமிடம். அதனால் நான்கு வருடமாக எந்த வகுப்புக்கும் நேரத்தோடு போனதில்லை, எந்த வகுப்பிலும் முதுகு வியர்வை காய உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். பொறியியல் வகுப்பில் இருக்கும்போது அந்தக் கரையில் எதையோ தவறவிடுகிறேன் என்று தோன்றும். அந்தக் கரைக்குப் போனால் இந்தக் கரை இழுக்கும். கூடப் படித்தவர்கள் எல்லாம் வேலைக்குப் போய்க் கார் வாங்கிவிட்டார்கள். நான் இன்னும் அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளில் பத்து காஜா ஊரிலிருந்து போய் வந்துகொண்டிருந்தேன்.

இறுதி ஆண்டு ஆய்வை இரண்டு துறைக்கும் சேர்த்து ஒன்றாகச் செய்யலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். நான் எங்கள் கோயிலை எடுத்துக்கொண்டேன். தோட்டத்தை விற்று, கித்தா என்கிற ரப்பர் மரங்களைச் சாய்த்து, தாமான் என்கிற குடியிருப்பைக் கட்டியபோது லயத்தில் இருந்த தொழிலாளர்களுக்கு வரிசை வீடு கொடுத்தார்கள். கோயில் மட்டும் இடம் மாறவில்லை. கல்யாணக் கூடம், டியூஷன் வகுப்பு, வெள்ளிக்கிழமை பஜனை எல்லாம் அங்கேதான். எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது, எப்போது இழுக்கிறது, அதற்கு எந்த அளவு இணைப்பு போதும் என்பதுதான் என் ஆய்வு. போன வருடம் கோயிலின் மின்சார போர்டில் ஒரு பதிவுக் கருவியை மாட்டி ஆறு மாதம் விட்டுவைத்தேன்.

வரைபடம் அழகாக வந்தது. காலைப் பூசைக்கு ஒரு சின்ன மேடு, மாலையில் கொஞ்சம் பெரிய மேடு. அத்தனையும் என் சமன்பாட்டுக்குள் அடங்கி நின்றன, மூன்று நாட்களைத் தவிர. அந்த மூன்று நாளும் கோடு தாளை விட்டு வெளியே போகிற மாதிரி ஏறி நின்றது. அந்த மூன்று நாளால் என் கணக்கு முழுவதும் கெட்டது. எடுத்துவிட்டேன். எடுத்ததும் எல்லாம் பொருந்தியது.

பொறியியல் பக்கத்து மேற்பார்வையாளர் ஒரு சீனர், நிதானமானவர். "இந்த மூன்று நாள் எங்கே?" என்று கேட்டார். பொருளியலில் இப்படி ஒதுங்கி நிற்பவற்றை நீக்குவது வழக்கம் என்றேன். பொருளியல் பக்கத்து மலாய்க்கார விரிவுரையாளரும் அதையே கேட்டார். கருவி சில நாள் இப்படித் தாறுமாறாகக் காட்டும், பொறியியலில் அதைக் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்றேன். இருவரும் தலையாட்டினார்கள். இரண்டு துறை படிப்பதில் இப்படி ஒரு வசதி இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவை என்ன நாட்கள் என்று எனக்குத் தெரியாதா என்ன? சித்திரைத் திருவிழா. அந்த மூன்று நாளில் ஒரு நாள் நானே மஞ்சள் சேலை கட்டிப் பால்குடம் எடுத்திருக்கிறேன். தோட்டத்தை விட்டுக் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் எல்லாம் வருடத்தில் அந்த மூன்று நாள்தான் ஊருக்கு வருகிறார்கள். ஊரே அந்த மூன்று நாளுக்காகத்தான் இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். அதைத்தான் கோளாறு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இந்த வருடம் கோயில் போர்டு துருப்பிடித்துப்போய், அப்பாவிடம் புதிதாகப் போடச் சொன்னார்கள். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"மெயின் சுவிட்சுக்கு நாப்பது போதுமா, அறுபத்துமூணு போடவா? நீதான் ஆறு மாசம் அளந்து பாத்தியே."

நாற்பது ஆம்பியரே தாராளம் என்றேன். வருடத்தில் சில நாளுக்காகப் பெரியதைப் போட்டு மற்ற நாளெல்லாம் சும்மா வைத்திருப்பது வீண் என்று பொருளியல் வேறு பேசினேன். அப்பா, "சரி மா" என்றார். அவ்வளவுதான்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த போர்டு போட்டாலும் கதவின் உட்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் மெயினின் அளவையும் தேதியையும் எழுதி, தன் பெயரின் முதல் எழுத்தைப் போடுவார். ஈப்போவைச் சுற்றி எத்தனையோ கதவுகளில் அந்த எழுத்து இருக்கிறது. கோயில் போர்டில் நாற்பது என்று எழுதித் தன் எழுத்தைப் போட்டவர், பக்கத்தில் என் எழுத்தையும் போட்டார். போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன்.

திருவிழா ஞாயிற்றுக்கிழமை. பால்குடம் எல்லாம் வந்து சேர்ந்து, அன்னதானத்துக்கு வரிசை நின்ற நேரம். உச்சி வெயில். தண்ணீர் தூவும் விசிறிகள் வாடகைக்கு வந்திருந்தன, ஐஸ் அரைக்கிற யந்திரம் ஓடியது, நான்கு பலகாரக் கடைக்காரர்கள் மின்சாரச் சட்டியில் பொரித்துக்கொண்டிருந்தார்கள், ஒலிபெருக்கி, பின்னால் சமையல் தண்ணீருக்கு பம்ப். டப்பென்று எல்லாம் நின்றது. ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்த கோயில் தலைவரின் குரல் பாதியில் காணாமல் போனது.

அப்பா ஓடிப் போய் மெயினைத் தூக்கிவிட்டார். சில நிமிடத்தில் மறுபடியும் விழுந்தது. மூன்றாவது முறை தூக்கவில்லை. தொட்டுப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எதையாச்சும் நிறுத்துனாதான் இது நிக்கும். எதை நிறுத்தலாம், சொல்லு."

என்னிடம் கேட்டார். இத்தனை வருடமாக இரண்டில் ஒன்றைச் சொல்லத் தெரியாத என்னிடம். விசிறியை நிறுத்தினால் கிழவிகள் மயங்கி விழுவார்கள். பம்பை நிறுத்தினால் சமையல் நின்றுபோகும். ஒலிபெருக்கியை நிறுத்தினால் தலைவர் சும்மா இருக்க மாட்டார். நான் சட்டிகளை நிறுத்தச் சொன்னேன். சொன்னதும் முறுக்குக் கடை அக்கா கரண்டியோடு வந்துவிட்டார்.

"எண்ணெ ஆறிப்போயிரும் லா. காலைலேர்ந்து இப்பத்தான் கூட்டமே வருது. எங்க சட்டிதான் ஒங்க கண்ணுக்குத் தெரிஞ்சுச்சா?"

"ஒரு மணி நேரம்தான் அக்கா. சாப்பாடு முடிஞ்சதும் போட்டுக்கலாம்."

"ஒரு மணி நேரத்துல கூட்டம் வீட்டுக்குப் போயிரும்."

அவர் சொன்னது சரிதான். அப்படியே நடந்தது. என் தவறுக்கு அந்த அக்காவின் ஒரு நாள் போனது. வகுப்பில் இதற்கு ஒரு பெயர் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவர் முகத்தைப் பார்த்தபோது அந்தப் பெயர் ஞாபகத்துக்கே வரவில்லை.

அதற்குள் தலைவர் வியர்க்க வியர்க்க வந்து நின்றார். அவர் லாரி வைத்திருப்பவர், குரலைத் தாழ்த்திப் பேசத் தெரியாதவர்.

"என்னண்ணே இது, புது போர்டுன்னு மைக்ல அறிவிச்சோம். மொதத் திருவிழாவுக்கே இப்படியா?"

"என் கணக்குதான் தப்பாப் போச்சு தலைவரே" என்றார் அப்பா. "இந்த வாரத்துல மாத்திர்றேன்."

நான் இரண்டடி தள்ளி நின்றேன். வாயைத் திறக்கவில்லை. முப்பது வருடமாக இந்த வேலை செய்கிறவர் ஊர் முன்னால் தலை குனிந்து நின்றார், நான் குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன். என்னை எனக்கே பிடிக்காமல் போன நாள் அது.

சாமான்களை வண்டியில் ஏற்றும்போதுதான் அப்பா சொன்னார். "கேபிள் அறுபத்துமூணுக்கு உள்ளதுதான் இழுத்திருக்கேன். சுவிட்ச மட்டும் மாத்துனாப் போதும்."

"அப்ப ஒங்களுக்குத் தெரியும்தானே? ஏம்ப்பா அப்பவே சொல்லல?"

"நீ படிச்சிருக்க. நான் என்னத்தச் சொல்றது."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

திங்கட்கிழமை காலை மோட்டாரை நிறுத்திவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து படிவத்தை எடுத்தேன். இரண்டாவது கட்டத்தில் கோடு போடுவதென்று வழியெல்லாம் முடிவு செய்திருந்தேன். மின்பொறியியல் வேண்டவே வேண்டாம், ஒரு சுவிட்சுக்கு அளவு சொல்லத் தெரியாதவளுக்கு எதற்கு அது. பேனாவைத் திறந்த பிறகுதான் உறைத்தது. மூன்று வாரத்துக்கு முன்பு, தேர்வில் தோற்ற அன்று, இதே வேகத்தில் பொருளியலை விடத் துடித்தேன். கடைசியாக எது அடித்ததோ அதை விட்டு ஓடத்தான் எனக்குத் தெரிகிறது. இதில் விரும்பித் தேர்ந்தெடுத்தது என்று ஒன்றுகூட இல்லை.

தவறு எந்தத் துறையில் வந்தது என்று யோசித்தேன். இரண்டிலும் இல்லை. ஒரு துறை கேள்வி கேட்டபோதெல்லாம் நான் இன்னொரு துறையின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஒன்றை விட்டாலும் ஒளிந்துகொள்ள வேறு இடம் தேடிப்பிடித்திருப்பேன்.

மூன்றாவது கட்டத்தில் கோடு போட்டேன். காரணம் என்ற இடத்தில் ஆறு வரியிலும் அந்த மூன்று நாட்களைப் பற்றித்தான் எழுதினேன். யாரிடம் என்ன பொய் சொன்னேன், கோயிலில் என்ன நடந்தது, அந்த மூன்று நாளையும் திரும்பச் சேர்த்துக் கணக்குப் போட இரண்டு துறையும் எனக்கு வேண்டும் என்று. இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன். மலாய்க்கார விரிவுரையாளர் நின்றபடியே படித்தார். இதை நீ சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காதே என்றார். தெரியும் என்றேன். அவர் படிவத்தைக் கோப்பில் வைத்தார். நான் ஏரியைச் சுற்றி நடந்து போய்ப் பொறியியல் கரையிலும் அதையே சொன்னேன். அன்றைக்கு மட்டும் அவசரமாக நடக்கவில்லை.

அன்று மாலை வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். தோற்ற தாள், படிவம், நீக்கிய நாட்கள். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. 'சனிக்கிழமை சுவிட்ச் மாத்தணும். கூட வா. கணக்கோட வா.'

சனிக்கிழமை போவதற்குள் மூன்று நாளையும் சேர்த்து மறுபடி கணக்குப் போட்டேன். ஐம்பத்து நான்கு ஆம்பியர் வந்தது, அப்பா கேட்ட அறுபத்துமூன்றுதான் சரி. வரைபடம் அசிங்கமாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

அப்பா சுவிட்சை மாற்றி, திருகுகளை முறுக்கிவிட்டு, கதவை விரியத் திறந்தார். உள்ளே நாற்பது இருந்தது, பக்கத்தில் அவர் எழுத்தும் என் எழுத்தும் இருந்தன. அழித்திருப்பார் என்று நினைத்தேன். மார்க்கரை என்னிடம் நீட்டினார். நாற்பதின் மேல் ஒரு கோடு போட்டேன், அடியில் இருப்பது படிக்க முடிகிற மாதிரி. கீழே அறுபத்துமூன்று என்று எழுதி, தேதி போட்டு, என் எழுத்தை மட்டும் போட்டேன். தலைவர் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

"இந்த நாப்பது யாரு போட்டது?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் சொன்னேன்.

"நாந்தான் மாமா. அப்பா கணக்கு தப்பில்ல. என் கணக்குதான்."

தலைவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா கீழே கிடந்த பழைய சுவிட்சைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அப்ப கீழ உள்ளது?"

"அதுவும் நாந்தான்" என்றேன்.

பல்கலைக்கழகத்திலிருந்து பதில் பத்து நாள் கழித்து வந்தது. தொடரலாம், தோற்ற தாளையும் ஆய்வையும் மறுபடி செய்ய வேண்டும், ஒரு வருடம் கூடுதல். ஆறு வருடப் படிப்பு. அப்பா கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். அடுத்த சித்திரைக்கும் நான் இங்கேதான் இருப்பேனா என்று மட்டும் கேட்டார். இருப்பேன் என்றேன்.