கண்ணாடிக்குப் பின்னால் முப்பது நாள்

நகராட்சி அலுவலகத்தில் அவரை எல்லாரும் கண்ணாடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வருகிறவர்கள் அவர் மூக்கின்மேல் கண்ணாடியைத் தேடுவார்கள்; இருக்காது. வராந்தாவில் அறிவிப்புப் பலகைக்குப் போட்டிருக்கும் கண்ணாடியைப் பதினோரு வருடமாகத் துடைப்பவர் என்பதால் அந்தப் பெயர். பழைய செய்தித்தாளை நனைத்து அவர் ஒரு இழுப்பு இழுத்தால் உள்ளே இருக்கும் முற்றுப்புள்ளிகூடப் பளிச்சென்று தெரியும். அவர் கண்ணுக்கும் அது தெரியும்; புள்ளியைப் படிக்க எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஐம்பத்திரண்டு வயதில் அவர் மாலை வகுப்பில் சேர்ந்தது அறிவுத் தாகத்தால் அல்ல. அடுத்த வீட்டுப் பெண் பஸ் கண்டக்டர்; மாலையில் சைக்கிள் கடை மாடியில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பவள். "இருபது பேர் இல்லேன்னா வகுப்ப மூடிருவாங்கக்கா. சும்மா வந்து எடத்த அடைங்க" என்றாள். இடத்தை அடைக்கப் போனவர் ஆறு மாதத்தில் வாசிக்கத் தொடங்கிவிட்டார். கொத்தனாரான கணவர்தான், "பல்லு கொட்டுற வயசுல கரும்பு கேக்குதா?" என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு வியாழக்கிழமை காலை, துடைத்துக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது. மூன்றாவது வரியில் அவருடைய தெருவின் பெயர். அதற்கடுத்து, 'நாற்பத்தொரு வீடுகள்'. அதற்கடுத்து, 'அகற்றப்படும்'. எழுத்துக் கூட்டிக் கூட்டிக் கடைசி வரிக்கு வருவதற்குள் கையில் இருந்த காகிதம் காய்ந்துவிட்டது. ஆட்சேபணை உள்ளவர்கள் மறுநாள், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எழுதித் தர வேண்டுமாம்.

"சார், இது எப்ப ஒட்டினது?"

"ஒரு மாசமாச்சே," என்றார் குமாஸ்தா. "நீங்கதானக்கா தெனமும் தொடைக்கிறீங்க?"

அவர் கெட்டவர் அல்ல. உண்மையைத்தான் சொன்னார். தெருவில் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் உண்டு. ஆனால் நகராட்சி வராந்தாவுக்கு விளையாட யார் வருவார்கள்?

அன்று மாலை கண்டக்டர் வெளியூர் வண்டியில் போயிருந்தாள். படித்தது சரிதானா என்று கேட்க வேறு ஆளில்லை. கொத்தனார் சிரித்தார். "வெள்ளையடிக்கிறதப் பத்தி ஏதாச்சும் போட்டிருப்பான். நேத்து மொளச்ச படிப்பு, அதுக்குள்ள வீட்டையே இடிக்குதே!"

அதே தெருக்காரர்களான வகுப்புக்காரர்களும் நம்பவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாகச் சரியாகப் படித்தவர், தப்பாகப் படித்திருக்க வேண்டுமே என்று விடியும்வரை சாமியை வேண்டிக்கொண்டார்.

நீங்களே வந்து படிங்க என்று அவர் கூப்பிட, வெள்ளிக்கிழமை மதியம் வகுப்பு முழுவதும் பலகை முன்னால் நின்றது. "ஒன் மானம் போறத நானும் பாக்குறேன்" என்று கொத்தனாரும் வந்திருந்தார். இருபது பேரும் விரல் வைத்து, உதட்டை அசைத்துப் படித்தார்கள். ஆனால் இருபது பேரும் ஒரே வேகத்தில் படிக்கவில்லை. முதலில் இஸ்திரிக்காரர் வாயைப் பொத்தினார். சற்றுப் பொறுத்துப் பூக்காரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். வகுப்பில் எப்போதும் கடைசியாகப் படித்து முடிக்கும் பால்காரருக்கு மட்டும் வீடு மற்றவர்களைவிட மூன்று நிமிடம் கூடுதலாக நின்றது. எழுத்து தெரியாத கொத்தனார் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பால்காரர் முகத்துக்கு வந்ததும் அவருடைய சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"ஏய்... நான் கட்டின வீடுடி."

"தெரியும். தள்ளுங்க, நேரமில்ல."

குமாஸ்தாவின் மேசை, ஜன்னல் கட்டை, படிக்கட்டு என்று கிடைத்த இடத்தில் எல்லாம் உட்கார்ந்து எழுதினார்கள். கையெழுத்து கோழி கிண்டியதுபோல் இருந்தது. விஷயம் தெளிவாக இருந்தது. 'எங்கள் வீட்டை இடிக்கக் கூடாது. எங்களைக் கேட்க வேண்டும்.' கண்ணாடியக்கா தன் மனுவைக் கணவருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டினார். அவர் மறுபடியும் வாசிக்கச் சொன்னார். பிறகு மனைவியின் பெயருக்குப் பக்கத்தில் கட்டைவிரலைப் பதித்தார்.

நாலே முக்காலுக்கு இருபது மனுக்களையும் வாங்கிக்கொண்ட குமாஸ்தா கோப்பைத் திறந்தார். "இனி விசாரணை வைக்காம இடிக்க முடியாதுக்கா" என்று சொல்லும்போதே சட்டென்று கோப்பைக் கையால் மறைத்தார். எதை மறைக்கிறார் என்று பார்க்கக் கண்ணாடியக்கா அந்தக் கையை விலக்கினார். மேல் தாளில் ஒரு வரி தட்டச்சு செய்திருந்தது. தேதி, வரப்போகிற திங்கட்கிழமை. தலைகீழாகத் தெரிந்ததால் படிக்க நேரமானது.

'பொதுமக்களிடமிருந்து ஆட்சேபணை எதுவும் வரவில்லை.'

"எப்பவும் முன்கூட்டியே அடிச்சு வெச்சிருவோம்," என்றார் குமாஸ்தா மெதுவாக. "இதுவரைக்கும் யாரும் வந்ததில்லையே."

பதினோரு வருடத்தில் அந்தப் பலகையில் எத்தனை தெருக்கள் தொங்கியிருக்கும்? கண்ணாடியக்கா அந்த வரியின்மேல் விரலை வைத்தார்.

"இத அடிங்க சார்."

குமாஸ்தா பேனாவால் ஒரு கோடு போட்டார்.

"ஓரத்துல கையெழுத்துப் போடுங்க. தேதியும்."