மகளின் விண்ணப்பத்தில் நான் போட்ட கையெழுத்து

மூன்று வருடங்களுக்கு முன்பு, கார்த்திகை மாத மழையில், பதுளை டவுனில் ஒரு துணிக்கடையில் நடந்தது இது. நான் சொல்லச் சொல்ல என் மனைவி எழுதுகிறாள். எனக்கு எழுத வராது. அது எவ்வளவு வராது என்பதுதான் விஷயமே.

தெமோதரைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் கவ்வாத்து வெட்டுகிறவன். உயர்ந்துபோன தேயிலைச் செடியைக் கத்தியால் முழங்கால் அளவுக்கு வெட்டிவிடுகிற வேலை. பள்ளிக்கூடத்துக்கும் போயிருக்கிறேன். அங்கே தின்னக் கொடுத்த பனிசுக்காக. பனிசை நிறுத்தியதும் நானும் நிறுத்திவிட்டேன்.

மகள் என்னைப் போல இல்லை. பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையான ஏ.எல்.லில் உயிரியல் எடுத்துப் பாஸ் பண்ணினாள். டாக்டருக்குப் படிக்கப் புள்ளி போதவில்லை. ஒரு பல்கலைக்கழகத்தில் பல் சுகாதாரப் பட்டப்படிப்புக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போனில் பார்த்துச் சொன்னாள். பல்லைப் பிடுங்குகிற டாக்டர் வேறாம். இவர்கள் பல்லைச் சுத்தம் செய்து, ஈறைப் பாதுகாத்து, பிடுங்குகிற நிலைமையே வராமல் பார்த்துக்கொள்கிறவர்களாம்.

"பல்லு வெளக்கறதுக்கு நாலு வருசமாடி?" என்று கேட்டேன்.

அவள் என் வெற்றிலை வாயை ஒரு பார்வை பார்த்தாள். "ஒங்க பல்லுக்கு நாலு வருசம் பத்தாதுப்பா."

விண்ணப்பத்தாளில் பள்ளிக்கூட அதிபரின் கையெழுத்தும் சீலும் வேண்டும், கிராம சேவகருடையதும் வேண்டும். கடைசியில் பெற்றோரின் உறுதிமொழி. அதை ஜே.பி. ஒருவர், அதாவது சமாதான நீதவான், தன் கண்ணால் பார்த்துச் சீல் வைக்க வேண்டும். அதிபரையும் கிராம சேவகரையும் பிடிப்பதற்கே மகளுக்கு இரண்டு வாரம் போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒரே நாள். அன்றைக்குப் பதிவுத் தபாலில் போடாவிட்டால் அந்த வருடம் அவ்வளவுதான்.

இதற்கிடையில் நான் ரகசியமாக ஒரு வேலை பார்த்து வைத்திருந்தேன். சம்பளத்துக்கும் சரி, அடையாள அட்டைக்கும் சரி, எனக்கு எப்போதும் கைநாட்டுதான். ஆனால் மகள் படிக்கப் போகிற இடத்துக்குப் போகும் தாளில் கறுப்பாக ஒரு பெருவிரல் குந்திக்கொண்டிருந்தால் அங்கே அவளை என்ன நினைப்பார்கள்? பரீட்சை முடிவு வந்ததிலிருந்தே அந்த யோசனை. அவளுடைய பழைய கொப்பியில் என் பெயர் இருந்த தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டேன். மலையில் மற்றவர்கள் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் கவ்வாத்துக் கத்தி முனையால் மண்ணில் எழுதிப் பழகினேன். எழுதினேன் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். பார்த்து வரைந்தேன். ஒவ்வொரு எழுத்தும் சுளகு அளவு இருக்கும்.

அந்தக் கடைசி நாள் காலையில் மகள் தண்ணீர்ப் பீலியில் முகம் கழுவப் போனாள். நான் அவளுடைய பைலைத் திறந்தேன். அப்பா எங்கே விரலை வைக்க வேண்டும் என்று பென்சிலால் புள்ளடி போட்டு வைத்திருந்தாள். அந்த இடத்தில், நாக்கைக் கடித்துக்கொண்டு, பேனாவால் என் பெயரைப் போட்டு முடித்தேன். ஜே.பி. தாளைத் திறக்கும்போது அவள் ஆச்சரியப்பட்டுப் போவாள் என்று நினைத்துக்கொண்டேன். அது மட்டும் நினைத்தபடியே நடந்தது.

ஜே.பி. ஒரு துணிக்கடை முதலாளி. வயதான முஸ்லிம் மனிதர், எல்லோரும் ஹாஜியார் என்பார்கள். தாளை ஒரு கையிலும் என் அடையாள அட்டையை மறு கையிலும் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார்.

"ஒங்கட ஐடென்டிட்டியில கைநாட்டு ஈக்கி. இதுல சைன் ஈக்கி. இது ஆரு போட்ட?"

மகள் எட்டிப் பார்த்தாள். "தெரியலைங்க" என்றாள். பாவம், அவளுக்குத் தெரியாதுதான்.

ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். சத்தம் போடவில்லை. "அப்பாக்குப் பதிலா நீங்க சைன் பண்ணினா அது குத்தம், மகள். படிக்கப் போக முந்தியே இப்படியா? இதுக்கு நான் சீல் வெக்க ஏலாது."

சேலை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நான் போடலைங்க" என்றாள் மகள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் சும்மா நின்றேன். பெரட்டுக் களத்தில் காலையில் வேலை பிரிக்கும்போதே கங்காணியைக் கிண்டல் பண்ணுகிற வாய் இது. அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. நான்தான் போட்டேன் என்று சொன்னால், எழுதத் தெரியாதவன் திருட்டுத்தனமாக எழுதிப் பார்த்த கதையை அந்தக் கடை முழுக்கக் கேட்கச் சொல்ல வேண்டும். யாராவது வேறு பேச்சை எடுக்க மாட்டார்களா என்று பார்த்தேன். அரை நிமிடம் இருக்கும். மகளின் கண் நிறைந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தேன். "நான்தாங்க போட்டேன், மொதலாளி."

அவர் நம்பவில்லை. மகளைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். ஒரு பில் தாளைத் திருப்பி வைத்து, அதில் பெயரைப் போட்டுக் காட்டச் சொன்னார். போட்டேன். நண்டு நடந்த மாதிரி வந்தது. இரண்டாவது தடவை நடுவில் ஓர் எழுத்தே காணாமல் போனது. மூன்றாவது தடவை பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போனது. காலையில் யாரும் பார்க்காதபோது வந்த பெயர், ஒரு கடையே பார்க்கும்போது வரமாட்டேன் என்றது. சேலை மடித்துக்கொண்டிருந்த கடைப் பெண் முகத்தைத் திருப்பிச் சிரித்தாள். நானாக இருந்தால் திருப்பாமலே சிரித்திருப்பேன்.

"மொதலாளி, நான் கத்தி முனையால மண்ணுல பழகுனவன். பெருசாப் போட்டாத்தான் எனக்கு வரும்."

ஹாஜியார் மேசை லாச்சியிலிருந்து துணியில் கோடு போடுகிற சோக்கட்டியை எடுத்தார். மேசையில் கிடந்த துணிக்கட்டை ஒதுக்கிவிட்டு, "இதுல போடுங்க" என்றார்.

அந்த நீளமான மேசையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை என் பெயரைப் போட்டேன். அவர் தாளைப் பக்கத்தில் பிடித்து ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அதே கோணல், கடைசி எழுத்தில் அதே வால்.

"இது ஒங்கடதான்" என்றார். உடனே மகளிடம் திரும்பி, "நான் தவறா நெனச்சிட்டேன். மனசுல வெச்சிக்காதீங்க, மகள்" என்றார். கடையில் இருந்தவர்கள் பக்கம் திரும்பி அதையே மறுபடி சொன்னார். அவர் சொல்ல வேண்டியதே இல்லை. சொல்ல வேண்டியவன் நான்.

ஆனாலும் அட்டையில் கைநாட்டு இருப்பதால் கையெழுத்துச் செல்லாது. அவரே அதை ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டு, மைப் பெட்டியைத் திறந்து வைத்தார். கத்தி பிடித்துத் தேய்ந்த விரல் என்னுடையது. முதலில் வெறும் மைத்திட்டுதான் வந்தது. மகள் என் பெருவிரலைத் துடைத்து, தானே பிடித்து, மெதுவாக உருட்டி வைத்தாள். ரேகை விழுந்தது. ஹாஜியார் சீல் வைத்தார்.

தபால் கந்தோருக்கு மழையில் ஓடினோம். கவுண்டர் மூடுவதற்குள் கொடுத்துவிட்டோம். மகள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். பற்றுச்சீட்டை மடித்து வைத்துக்கொண்டே, "என்கிட்ட சொல்லியிருந்தா நானே பழக்கியிருப்பேன்லப்பா" என்றாள். அவ்வளவுதான்.

நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள், எடுத்துக்கொண்டார்கள். இப்போது மூன்றாம் வருடம். அப்பாவுடைய விரலைப் பார்த்து அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லையாம்.

அந்த மேசையில் பெயர் போட்ட கதையை நாங்கள் குடியிருக்கிற லயத்தில் நான் பல தடவை நடித்தே காட்டியிருக்கிறேன், எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆனால் என் வெட்கத்தைக் காப்பாற்றிக்கொள்ள என் மகளைத் திருடியாக நிற்கவிட்ட அந்த அரை நிமிடத்தை நான் இதுவரை யாருக்கும் நடித்துக் காட்டியதில்லை.