பாட்டுக்காரனுக்குச் சீட்டுக் கிழிந்தது

தருவைகுளத்துப் பாஸ்கலுக்கு வடம் இழுக்கிற வேலை இல்லை, பாடுகிற வேலை. தூத்துக்குடியில் கரையோரம் ஆழம் கிடையாது. கப்பல் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும், தோணிதான் போய்ச் சரக்கை ஏற்றி வரும். வந்த தோணியை ஆட்கள் வடம் போட்டு இழுக்கும்போது பாஸ்கல் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அம்பாப் பாட்டுப் பாடுவான். ஒரு வரி அவன் சொன்னால், இழுக்கிறவர்கள் ‘ஏலேலோ’ என்று ஒரே மூச்சில் இழுப்பார்கள். அந்த வரியில் யார் மானம் போகும் என்று சொல்ல முடியாது. போன வாரம் கள்ளுக்கடையில் வேட்டியைத் தொலைத்தவன் இந்த வாரப் பாட்டில் இருப்பான். ஆள் நோஞ்சான்தான். அந்தத் தொண்டை இருக்கிறதே, அம்மாடி!

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் தோணிக் கம்பெனி மேனேஜர் சங்கரபாண்டியன், பட்டாளத்தார் ஏலம் விட்ட மோட்டார் படகு ஒன்றை வாங்கி வந்தார். தோணிகளை அது இழுத்து வருமாம். படகுக்கு அடிப்பாகம் ஆழம். கரையை நெருங்கியதும் சேற்றில் குந்திக்கொண்டது. கம்பெனிக்குப் பெருத்த நஷ்டம். கடைத்தெருவை விட்டு வராத முதலாளியிடம் படகு ரிப்பேர் என்று சொல்லிவிட்டு, வியாபாரம் மந்தம், ஆளைக் குறைக்க வேண்டும் என்றார் மேனேஜர். யாரைக் குறைப்பது? சும்மா நின்று பாடுகிறவனைத்தான். பாஸ்கலுக்குச் சீட்டுக் கிழிந்தது.

மறுநாளும் அவன் கரைக்கு வந்து மணலில் குத்தவைத்தான். கூட்டாளிகள் வடத்தைத் தொட்டதும் தொண்டை அரித்தது. சேற்றில் கிடந்த மோட்டாரையே பாட்டாக்கிப் பாடினான். சிரிப்பும் கும்மாளமுமாக இழுத்தார்கள். தோணி வழுக்கிக்கொண்டு வந்தது. ஓர் ஆளைக் குறைத்தும் வேலை குறையவில்லை பார்த்தீர்களா என்று மேனேஜர் முதலாளியிடம் மார்தட்டினார். இன்னும் நாலு பேரை நிறுத்தலாம் என்று யோசனையும் சொன்னார்.

சேதி மீன் சந்தைக்கு வந்தது. அங்கே மீன் விற்கிற பாஸ்கலின் பெஞ்சாதி ஆக்னஸ், வீட்டுக்கு வந்து கூடையை இறக்கும் முன்பே அவனைப் பிடித்துக்கொண்டாள்.

“நீரு கூலியில்லாமப் பாடுத வரைக்கும் அந்த மனுசன் செஞ்சது சரியாத்தான் தெரியும். நாளைக்கு மொதலாளி பாக்க வாராராம். வாயை மூடிக்கிட்டு இரும்.”

அதற்குப் பதில் அவனைப் பட்டினி கிடக்கச் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் முதலாளி சிவனணைந்தபெருமாள் குடையும் கையுமாக வந்து நின்றார். ஆட்கள் வடத்தைப் பிடித்துக்கொண்டு பாஸ்கலைப் பார்த்தார்கள். அவன் கடலைப் பார்த்தான். முன்னால் நின்றவன் இழுத்தபோது பின்னால் நின்றவன் மூச்சு வாங்கினான். பின்னவன் இழுத்தபோது முன்னவன் குப்புற விழுந்தான். வடம் பிடித்தவர்களில் ஒருவனான இசக்கியப்பன் தானே பாடிப் பார்த்தான். அந்தக் குரலுக்குச் சிரித்த சிரிப்பில் வடத்தையே விட்டுவிட்டார்கள். தோணி பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது. கூட்டாளிகள் படுகிற பாட்டைப் பார்த்து பாஸ்கலுக்கு மனசு கேட்கவில்லை, கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

“நேத்து வரைக்கும் நல்லா நடந்துச்சுன்னீரே, இன்னைக்கு என்னவே?” என்று முதலாளி மேனேஜரைக் கேட்டார்.

மேனேஜர் தலைப்பாகையைச் சரிசெய்தார். இசக்கியப்பன்தான், நேற்றுவரை பாஸ்கல் கூலியில்லாமல் பாடினதைச் சொன்னான். உன்னை ஏன் நிறுத்தினார்கள் என்று முதலாளி பாஸ்கலைக் கேட்டார். அவன் சேற்றுப் பக்கம் கையைக் காட்டினான்.

“மோட்டாருக்குச் சீட்டுக் கிழிக்க முடியாதுல்லா மொதலாளி. அதான் எனக்குக் கிழிச்சிட்டாவ.”

சேற்றில் குந்தியிருந்த படகைப் பார்த்ததும் ரிப்பேர்க் கதை முதலாளிக்குப் புரிந்துவிட்டது. பிறகு பாஸ்கலை வேலைக்குப் போகச் சொல்லிவிட்டு, மேனேஜர் பக்கம் திரும்பினார்.

“நீரும் ஒரு கை பிடியும்வே.”

பாஸ்கல் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தான். முதல் வரியிலேயே மேனேஜரைத்தான் பிடித்தான். வடத்தின் கடைசியில் நின்ற சங்கரபாண்டியனும் ஏலேலோ சொல்லித்தான் இழுத்தார்.