மூன்றாம் குழியின் சிவப்புப் பாசிகள்

1. கான் வெட்டு நின்ற நாள்

தோட்டத்து ஆபீசில் கிராணியாக இருப்பவனுக்குச் செக்ரோல் பேரேட்டில் ஆள்பேர் பதிவதும், துரைக்கு வரும் கடிதங்களுக்கு மறுமொழி வரைவதும், ரப்பர்ப் பால் நிறுக்கும்போது பக்கத்தில் நின்று எழுதுவதுமே தொழில். சேற்றைச் சலித்து, அதில் கிடைத்த பொருளுக்குச் சீட்டு எழுதி ஒட்டும் வேலை எனக்கு வாய்க்கும் என்று நான் எண்ணியதே இல்லை. நான் கிராணியாக இருந்த காலம் முழுவதிலும் செய்த பிழைகளுள் பெரியது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அந்த வேலை நடந்த சில வாரங்களில் நேர்ந்தது. இத்தொழிலுக்குப் புதிதாக வரும் இளைஞர்கள் பொருட்டு அதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் ஜொகூர் ஆற்றங்கரையில் இருந்தது. கரையோரத் தாழ்நிலத்தில் நீர் தேங்கியதால் வடிகால் வெட்டுமாறு பெரிய துரை உத்தரவிட்டார். வடிகாலை அங்கே ‘கான்’ என்போம். ஆண்கள் வெட்ட, பெண்கள் கூடையில் மண் சுமந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் வீரப்பன் கங்காணி ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

“ஐயா, கான் வெட்டு நின்னுபோச்சு. பொம்பளைங்க கூடைய எறக்கி வச்சிட்டுக் குந்திக்கிட்டாங்க. எழுந்திருங்கன்னா எவளும் எழுந்திருக்க மாட்டேங்கறா.”

“என்ன சண்டை?”

“சண்டை இல்லீங்க. மண்ணுல பாசிமணி கெடக்கு. கம்பு, கேவுரு செதறின மாதிரி கெடக்கு. அலாமாக், நானே நாலு பொறுக்கிட்டேன்.” வியப்பு வந்தால் அவர் வாயில் மலாய் வந்துவிடும்.

நான் போய்ப் பார்த்தேன். செங்காவி, நீலம், மஞ்சள், கறுப்பு என்று கடுகளவும் மிளகளவுமான கண்ணாடிப் பாசிகள் சேற்றில் ஒட்டியிருந்தன. நீலக்கோடிட்ட வெள்ளைப் பீங்கான் ஓடுகளும் கிடந்தன. பெரிய துரை சிங்கப்பூருக்குக் கடிதம் எழுதச் சொன்னார், எழுதினேன். பத்து நாளில் நூதனசாலை என்னும் பழம்பொருள் காட்சிசாலையிலிருந்து ஓர் அதிகாரி விசைப்படகில் வந்து இறங்கினார். நெட்டையான வெள்ளைக்காரர். மலாய் நன்றாகப் பேசுவார், தமிழ் அறியார். என்னை அவருக்கு எழுத்தராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பெரிய துரை ஒப்படைத்தார்.

2. பிஸ்கட் தகரங்கள்

வேலை முறை எளிது. கானின் ஓரத்தில் மூன்று குழிகள் தோண்டினோம். ஒவ்வொரு குழியின் மண்ணையும் பெண்கள் ஆற்றங்கரைக்குச் சுமந்து போவார்கள். அங்கே கம்பிச் சல்லடையில் நீரூற்றிச் சலித்து, நிற்பதைத் தனித்தனிப் பிஸ்கட் தகரத்தில் போட வேண்டும். குழியின் எண்ணையும் ஆழத்தையும் சீட்டில் எழுதி நான் தகரத்தின்மேல் ஒட்ட வேண்டும். முதல் நாளில் அதிகாரி எனக்கு ஒன்றே ஒன்று சொன்னார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்: “கிடைத்தது கிடைத்தபடியே இருக்கட்டும்.” எதையும் எடுத்துக்கொள்ளாதே என்கிறார் என்று பொருள் கொண்டேன். அது சேற்றையும் குறிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த வேலையில் எனக்குப் பிடிபட்டதைவிடப் பிடிபடாததே மிகுதி. ஒரு பீங்கான் ஓட்டின் உட்புறத்தில் அரபு எழுத்து இருந்தது. தோட்டத்துக் கடை வைத்திருந்த ராவுத்தரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

“எழுத்து எங்க எழுத்துதான் கிராணியாரே. ஆனா எழுதினவனுக்கு ஓதத் தெரியாது. பாருங்க, இந்த எழுத்தத் தலகீழாப் போட்டிருக்கான்.”

“அப்ப எழுதினது யாரு?”

“சீனன்தான். படத்தப் பாத்துக் கொடி வரைற மாதிரி வரைஞ்சிருக்கான். வாங்கினவன் மலாய்க்காரன். அவனுக்காவது ஓதத் தெரிஞ்சுதோ என்னவோ. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு நல்ல ஏவாரி இருந்திருக்கான், அது மட்டும் நிச்சயம்.”

இந்த ஓட்டைச் சீனம் என்று எழுதுவதா, அரபு என்று எழுதுவதா, மலாய் என்று எழுதுவதா என்று விளங்காமல் அதிகாரியிடம் கேட்டேன். “முதல் குழி, நான்கு அடி ஆழம் என்று எழுதுங்கள்” என்றார்.

பாசிகளும் அப்படியே. “இந்தச் சிவப்பு எங்கே செய்தது?” என்று கேட்டால், “தென்னிந்தியக் கரையில் செய்திருக்கலாம், அங்கே தொழில் கற்றவர்கள் கடலுக்கு இப்பால் வந்து செய்திருக்கலாம், அவர்களிடம் கற்ற இவ்வூரார் செய்திருக்கலாம்” என்பார். “இந்த நீலம்?” என்றால் சீனம் வரை போய், அங்கிருந்து மேற்கே திரும்பி, எனக்குத் தெரியாத ஊர்களின் பெயர்களைச் சொல்லுவார். நான் கேட்கக் கேட்க விடைகள் பெருகின. தெளிவு குறைந்தது.

ஆயினும் மூன்றாம் குழி என்னை மயக்கிவிட்டது. அதிலிருந்து வந்த பாசிகளில் பெரும்பாலானவை செங்காவி நிறம். எங்கள் நாட்டுப் பெண்கள் கழுத்தில் நான் சிறுவயது முதல் கண்ட பாசியின் அச்சு. தஞ்சையில் ஓர் ஆசிரியரிடம் இலக்கண இலக்கியம் கற்றுவிட்டுக் கப்பல் ஏறியவன் நான். பழந்தமிழ்த் துறைமுகங்களைப் பற்றிய பாட்டுகள் எனக்கு மனப்பாடம். தோட்டத்து வரிசைவீடுகளான லயத்தில் வாழும் எம்மவர் இம்மண்ணில் முதன்முதல் கால் வைத்ததே கூலிகளாகத்தான் என்று எல்லாரும் சொல்லும்போது, அதை மறுக்க ஒரு தகரம் என் கையில் இருந்தது. முன்னொரு காலத்தில் தமிழ் வணிகர் இவ்வாற்றில் வந்து இறங்கினர் என்பதற்கு இத்தகரம் சான்று என்று ஆங்கிலத்தில் மூன்று பக்கக் குறிப்பு எழுதினேன். அதிகாரி அதைத் தம் அறிக்கையோடு இணைத்து அனுப்புவதாக ஒப்புக்கொண்டார்.

அத்தகைய சான்றைச் சேற்றோடு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அவர் புறப்படுவதற்கு முந்திய நாள் மாலையில் மூன்றாம் குழிப் பாசிகளைச் சவர்க்கார நீரில் ஊறவைத்து, துளைகளைத் துடைப்பக்குச்சியால் குத்தித் துப்புரவாக்கி, துணியில் உலர்த்தித் தகரத்தில் போட்டேன்.

3. ஐந்து குறைந்தது

மறுநாள் நண்பகலில் விசைப்படகு புறப்பட வேண்டும். காலையில் காத்தாயி வீரப்பன் கங்காணியோடு ஆபீசுக்கு வந்தாள். மூன்றாம் குழியில் மண் சுமந்தவர்களுள் ஒருத்தி. அவள் கணவன் சின்னப்பன் குளிர்காய்ச்சலோடு தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான்காம் நாளாகக் கிடந்தான். அவள் கழுத்தில் தாலி இல்லாததைக் கண்டு நான் திடுக்கிட்டேன்.

“பயப்படாதீங்க ஐயா, அவரு இருக்காரு” என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். தாலியும் ஒரே ஒரு சிவப்புப் பாசியும் இருந்தன. “முந்தாநேத்து கூடை விளிம்பு மாட்டிக் கயிறு அறுந்துபோச்சு. தாலிக்கு ரெண்டு பக்கமும் மும்மூணு பாசி. தாலி கெடச்சிருச்சு, இது ஒண்ணு சேலையில சிக்கிக்கிச்சு. மத்த அஞ்சும் கூடை மண்ணோட சல்லடைக்குப் போயிருச்சு.”

“அன்னிக்கே ஏன் சொல்லல?”

“இவருகிட்டதான் சொன்னேன்” என்று அவள் கங்காணியைப் பார்த்தாள். வீரப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“ஏம்மா, வெறும் மஞ்சக்கயித்துல கோத்துக் கட்டிக்கயேன். பாசிக்கு என்ன வந்துச்சு?”

“ஆறு போட்டு அவரு கட்டினாரு. அவரு காச்சல்ல கெடக்கறப்ப நான் எண்ணிக்கைய கொறச்சுக் கட்டிக்கணுமா? உங்க வீட்டுல சொல்லிப் பாருங்க கங்காணி, வெளக்கமாத்தால பதில் சொல்லுவாங்க.” என்னிடம் திரும்பினாள். “தகரத்தத் தொறங்க ஐயா. என்னுது எனக்குத் தெரியும். மூணு வருசம் மஞ்சள் பூசிப் பூசித் தொளையெல்லாம் மஞ்சளா இருக்கும்.”

கையிலிருந்த பாசியை வெளிச்சத்தில் பிடித்தாள். துளையின் இரு வாயிலும் மஞ்சள் படிந்திருந்தது. தகரத்தைத் திறந்து துணியில் கொட்டினேன். நூற்றுக்கு மேற்பட்ட செங்காவிப் பாசிகள் பளபளவென்று கிடந்தன. ஒன்றின் துளையிலும் ஓர் அணு மஞ்சள் இல்லை.

காத்தாயி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பத்துப் பாசிக்கு மேல் பார்த்தபின் நிறுத்தினாள்.

“கழுவிட்டீங்களா ஐயா?”

“கழுவினேன்.”

“தொளையக்கூடவா?”

தலையசைத்தேன். கங்காணி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது என் முன் இரு வழிகள் இருந்தன. உன் பாசிகள் ஆற்றோடு போயின என்று அவளிடம் சொல்லிவிட்டால் தகரம் பழுதின்றிச் சிங்கப்பூருக்குப் போகும். என் மூன்று பக்கமும் போகும். உண்மையைச் சொன்னால் அந்தத் தகரத்தில் உள்ள எதையும் எவரும் நம்ப மாட்டார்கள். நான் நேர்மையானவன் என்று எனக்கு எண்ணம் இருந்தது. ஆயினும் அதிகாரி தங்கியிருந்த பங்களாவுக்கு நடக்க நான் உடனே எழுந்துவிடவில்லை. காத்தாயி துணியின்மேல் குனிந்து மறுபடியும் முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினாள். அதைக் கண்டபின்தான் எழுந்தேன்.

4. பூதக்கண்ணாடி

அதிகாரி பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் கழுவியதையும் காத்தாயியின் பாசிகள் அதில் கலந்துபோனதையும் சொன்னதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சினக்கவில்லை. சினந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஆபீசுக்கு வந்து, காத்தாயியிடம் எஞ்சியிருந்த பாசியைப் பூதக்கண்ணாடியில் வைத்து, தகரத்துப் பாசிகளோடு ஒப்பிட்டு வெகுநேரம் பார்த்தார்.

“இதை எங்கே வாங்கினாளாம்?”

கேட்டேன்.

“திருப்பதிக்குப் போனப்ப எங்கம்மா வாங்குனது” என்றாள்.

“என் கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை” என்றார் அதிகாரி. “அதே கண்ணாடி, அதே நிறம், துளையிட்ட முறையும் அதேபோல. இவை மிகப் பழையன என்று நான் நினைத்தேன். இப்போது என்ன நினைப்பது என்று தெரியவில்லை. அந்நாளில் செய்தபடியே இந்நாளிலும் எங்கோ ஓர் உலையில் செய்கிறார்கள் போலிருக்கிறது.”

“அப்படியானால் தமிழர் வந்தனர் என்ற என் குறிப்பு?”

“பாசி வந்தது. யார் கையில் வந்தது என்று பாசி சொல்லாது. மண் சுமந்த வேறு பெண்களின் பாசியும் விழுந்திருக்கலாம்; நீங்கள் துளையைக் கழுவியபின், இந்தத் தகரத்தில் எத்தனை பாசி முன்பே வந்தவை என்றும் இனி யாராலும் சொல்ல முடியாது.”

காத்தாயிக்கு எங்கள் ஆங்கிலம் புரியவில்லை. “தொரை என்னா சொல்றாரு? தரமாட்டாராமா?”

“எது உன்னுதுன்னு அவருக்கும் தெரியலையாம்.”

“அவரு படிச்சவருதானே?” என்றாள். அதை நான் மொழிபெயர்க்காமல் விட்டிருக்கலாம், மொழிபெயர்த்தேன். அதிகாரி முதன்முறையாகச் சிரித்தார்.

குழியில் கிடைத்தவை யாவும் அரசுக்கு உரியவை என்றும், தொலைத்தவள் பொருளை அரசு வைத்துக்கொள்ள முடியாது என்றும் அவர் தமக்குத் தாமே சொல்வதுபோலச் சொன்னார். பிறகு துணியை அவள் பக்கம் நகர்த்தி, விரல் ஐந்தையும் விரித்துக் காட்டினார். காத்தாயி இடுப்பிலிருந்து புது மஞ்சள்கயிறு எடுத்து அதில் பாசிகளைக் கோத்துப் பார்த்தாள். துளை சிறுத்தவை கயிற்றில் ஏறவில்லை; ஒதுக்கினாள். இருபதுக்கு மேல் ஏறின. அவற்றுள் ஐந்தை எடுத்துக்கொண்டாள். எதைக் கொண்டு தேர்ந்தாள் என்று நான் இன்றும் அறியேன்.

அவள் நேரே ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். அதிகாரி ஒரு வெற்றுச் சீட்டை என்னிடம் நீட்டினார். பழைய சீட்டைக் கிழித்துவிட்டு நான் எழுதியது இது: “மூன்றாம் குழி. பழையனவும் புதியனவும் கலந்துள்ளன. எழுத்தர் கழுவியதால் பிரிக்க இயலாது.” என் மூன்று பக்கக் குறிப்பை அவர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. படகில் ஏறும்போது, “இந்தச் சீட்டு நல்ல சீட்டு” என்று மட்டும் சொன்னார். அது பாராட்டா, கேலியா என்று அன்று விளங்கவில்லை.

அதன்பின் எந்தப் பொருள் என் மேசைக்கு வந்தாலும், வந்த கோலத்தை எழுதி முடிக்கும்வரை அதைத் துடைக்கமாட்டேன். கறைபட்ட கடிதமானால் கறையைப் பற்றியும் ஒரு வரி எழுதுவேன். என் கீழ் வேலை கற்றவர்கள் இதைக் கிறுக்கு என்றார்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதும் எழுத்தர் வேலைதான் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் நம்மவர் இவ்வாற்றில் முன்பே வந்தனரா என்று அவர்கள் கேட்டால் இன்றும் தடுமாறுகிறேன். வந்திருப்பர் என்றே மனம் சொல்கிறது. அதைச் சொல்லக்கூடிய தகரத்தைக் கழுவியவன் நான்.

சின்னப்பன் பிழைத்தான். சில மாதம் கழிந்து, கைநாட்டு வைக்க ஆபீசுக்கு வந்த காத்தாயி, மையில் கட்டைவிரலை வைத்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் அவள் கழுத்துப் பாசியை உற்று நோக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கத்தோடு கண்ணை விலக்கினேன்.

“நல்லாப் பாருங்க ஐயா, ஒண்ணும் தப்பில்ல” என்று கயிற்றை முன்னால் இழுத்துக் காட்டினாள். ஆறு பாசியின் துளைகளிலும் மஞ்சள் ஒரே சீராக ஏறியிருந்தது.

“இப்ப சொல்லுங்க பாப்போம், எது தொரையோடது?”

எனக்குத் தெரியவில்லை.

“எனக்கும் தெரியாது” என்றாள். “ஆறும் என்னுதுதான்.”