முந்நூறு செடி, ஒரே குவியல்

பக்ரீத்துக்கு மறுநாள் காலை களமருதூரில் பேருந்தை விட்டு இறங்கியபோது என் கையில் ஒரு தூக்குவாளி நிறைய பிரியாணி இருந்தது. என் ஆராய்ச்சிக்கு நிலம் கொடுத்திருந்த அக்காவுக்காக அம்மா கட்டிக் கொடுத்தது. இரவு நல்ல மழை பெய்திருந்தது. வரப்பு வழுக்கியது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

நிலத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். முந்தாநாள் வெள்ளை வெளேரென்று வெடித்து நின்ற செடிகள் வெறும் பச்சையாக இருந்தன. ஒரு செடியில்கூடப் பஞ்சு இல்லை. யாரோ திருடிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அப்போது நான் பருத்தி இனப்பெருக்கத்தில் ஆராய்ச்சி மாணவி. ஊர் உளுந்தூர்பேட்டை. கல்லூரிப் பண்ணையில் அந்த வருடம் இடம் கிடைக்காததால் எங்கள் பக்கமே நிலம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி ஆசிரியரிடம் அனுமதி வாங்கியிருந்தேன். நான் எடுத்துக்கொண்ட இரண்டு ரகங்களில் ஒன்று காய்த்துத் தள்ளும், ஆனால் பஞ்சு குட்டை, முரடு. இன்னொன்றின் பஞ்சு நீளமாகப் பட்டுப்போல இருக்கும், ஆனால் செடிக்குப் பத்துக் காய் தேறினால் அதிசயம். இரண்டையும் சேர்த்தால் வரும் பிள்ளைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும். குணங்கள் பிரிந்து வெளியே வருவது பேரப்பிள்ளைகளில்தான். ஒன்று தாத்தாவை உரித்து வைத்திருக்கும், ஒன்று பாட்டியை, மீதி நடுவில் எங்கெங்கோ நிற்கும். நிறையக் காய்ப்பதும் நீளப் பஞ்சும் ஒரே செடியில் சேர்ந்து வருமா என்பதுதான் என் கேள்வி. களமருதூரில் நின்றவை அந்தப் பேரப்பிள்ளைகள், முந்நூறு செடி. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய அட்டை கட்டியிருந்தேன். செடிக்கு ஒரு காகித உறை, அதன் பஞ்சைத் தனியாகப் போட. எந்தச் செடியில் எவ்வளவு பஞ்சு, அதன் நீளம் என்ன என்று தனித்தனியாகத் தெரிந்தால்தான் அந்தக் கேள்விக்குப் பதில்.

அக்கா வீட்டு வாசலிலேயே சிரித்துக்கொண்டு நின்றார்.

"வா பாப்பா. பயந்துட்டியா? ஒரு பொட்டு பஞ்சுகூட நனையல. எல்லாத்தையும் எடுத்துட்டோம்."

கூடத்தில் பழைய புடவையை விரித்து அதன்மேல் பஞ்சைக் குவித்திருந்தார்கள். என் இடுப்பு உயரத்துக்கு ஒரே குவியல். பக்கத்தில் ஒரு பலகைமேல் என்னுடைய முந்நூறு காகித உறைகளை, ஈரம் படாமல், ரப்பர் பேண்டு போட்டு, காலியாகவே அடுக்கி வைத்திருந்தார்கள்.

தூக்குவாளியைக் கீழே வைத்தது நினைவில்லை. பிறகு பார்த்தபோது அது வாசற்படியில் இருந்தது.

"யக்கா, இதுல எந்தச் செடியோடது எது?"

"எல்லாம் ஒரே பருத்திதானம்மா?"

"ஒண்ணு இல்லக்கா. முந்நூறு."

அவருக்குப் புரியவில்லை. "நேத்து மத்தியானம் மலப் பக்கம் கருகருன்னு வந்துச்சி. மூணு வாட்டி போன் போட்டேன், நீ எடுக்கல. அப்புறம் இன்னா பண்றது, நாலு பேரக் கூட்டாந்து எடுத்தோம்" என்றார்.

அந்த மூன்று அழைப்புகளையும் நான் பார்த்திருந்தேன். பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிட்டிருப்பார், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

"உங்கள யாருக்கா தொடச் சொன்னது?" என்று கத்தினேன். நானா அப்படிப் பேசினேன் என்று இன்றைக்கும் கூசுகிறது. அக்காவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. உள்ளே போய்விட்டார்.

நிலத்துக்குப் போய் ஆசிரியருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். "செடியில இன்னும் வெடிக்காத மேல்காய் இருக்கா?" என்று கேட்டார். பெரும்பாலும் இருக்கிறது என்றேன்.

"அது வெடிச்சதும் தனித்தனியா எடு. நீளமாவது ஓரளவுக்குத் தெரியும். விளைச்சல் கணக்கு போச்சு. கலந்த விதைய மொத்தமா விதைச்சு அடுத்த தலைமுறையில தேட வேண்டியதுதான். ஒரு வருஷம் தள்ளும்."

ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று பேருந்து நிறுத்தத்துக்கு வந்தேன். முந்தின நாள் பஞ்சு எடுத்தவர்களில் ஒரு பெண் அங்கே நின்றிருந்தாள். கொல்லையில் பருத்தி எல்லாம் வீணாகிவிட்டது என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். யாருடையது என்று கேட்டேன்.

"அக்காவுதுதான். ரோட்டுக்கு அந்தாண்ட அரை ஏக்கர் இருக்குல்ல? வெடிச்சி நின்னுச்சி, பூரா நனஞ்சிடுச்சி. முதல்ல இத எடுப்போம்னு சொன்னோம். அந்தப் பொண்ணு படிக்கிற பொண்ணு, அது நனஞ்சா படிப்பு போயிடும், அத எடுங்கடீன்னாங்க. அத முடிக்கறதுக்குள்ள மழ புடிச்சிக்கிச்சி."

பேருந்து வந்தது, நின்றது, போனது. நான் ஏறவில்லை.

சாலையைக் கடந்து அந்த நிலத்துக்குப் போனேன். பஞ்சு முழுவதும் நனைந்து, சேறு தெறித்து, காயிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா ஒற்றை ஆளாக எடுத்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு சாக்கை எடுத்துப் பக்கத்து வரிசையில் இறங்கினேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது.

"அழுதுகினே எடுத்தா இன்னும் நனையும்" என்றார் அக்கா. சொல்லிவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தார்.

சாயங்காலம் நனைந்த பஞ்சைக் கூடத்தில் காயப் போட்டோம். என் பையிலிருந்து சீப்பையும் கறுப்புத் துணி ஒட்டிய அட்டையையும் எடுத்தேன். பெரிய குவியலில் கை விட்டு விதையோடு ஒரு பஞ்சை எடுத்து, இரண்டு பக்கமும் சீவி, அட்டைமேல் வைத்தேன். பட்டாம்பூச்சி இறக்கைபோல விரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. அது பாதி நீளம்தான். மூன்றாவது இரண்டுக்கும் நடுவில்.

அக்கா குனிந்து பார்த்தார். அவரும் ஒரு பஞ்சை எடுத்துக் கொடுத்தார். பிறகு இன்னொன்று. ஏழெட்டு சீவிய பிறகு குவியலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அய்யய்யோ" என்றார். "இதயெல்லாமா ஒண்ணா கலந்துட்டேன்?"

பிறகு வந்த வாரங்களில் மேல்காய்கள் வெடித்ததும் தனித்தனியாக எடுத்து அளந்தேன். நீளப் பஞ்சு உள்ள செடிகளில் எது நிறையப் பஞ்சு தந்தது என்பது மட்டும் யாருக்கும் தெரியாமலே போயிற்று.

அடுத்த மாசியில் அதே நிலத்தில் கலப்பு விதையை விதைத்தேன். அக்கா ஒரு நிபந்தனை போட்டார். "எடுக்கிறவங்களுக்கு நீயே சொல்லிடு. எனக்குச் சொல்லத் தெரியாது."

பூ விடும் முன்பே ஒரு நாள் நான்கு பெண்களையும் வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, அம்மா செடி, அப்பா செடி, பேரப்பிள்ளைச் செடி எல்லாம் சொன்னேன். பேருந்து நிறுத்தத்தில் பார்த்த பெண் கையை உயர்த்தினாள்.

"அப்ப ஒரு வூட்டுல பொறந்த பசங்கள்ல ஒண்ணு குட்டையா, ஒண்ணு நெட்டையா இருக்கறாப்பலயா?"

"அதேதான்."

"இவ்ளோதானா? இத போன வருசமே சொல்லியிருந்தா நாங்க ஏன் கலக்கப் போறோம்?"

முந்தின வருடம் நான்கு மாதம் தினமும் அந்த நிலத்துக்கு வந்துபோயிருந்தேன். அக்கா வீட்டில் சாப்பிட்டிருந்தேன். இதே விஷயத்தைக் கல்லூரியில் பெரிய பெரிய ஆட்கள் முன்னால் படம் போட்டு விளக்கியிருந்தேன். இவர்களில் ஒருவரிடம்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லவில்லை என்பதே அந்த நிமிடம்வரை எனக்குத் தோன்றவில்லை. நான்கு பேரும் பதிலுக்காக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் தலையைக் குனிந்து புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.