போணிக்குப் போன பச்சை வண்டி

ஹனோய்க்குப் பழைய மோட்டார் சைக்கிள் வாங்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் வருவார்கள். முதுகில் ஆளைவிடப் பெரிய பை, கையில் போன், போனில் முன்னால் வாங்கிப் போன யாரோ எழுதிவைத்த பாராட்டு. லுவானின் கடை ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து. அப்படியும் தேடிப் பிடித்து வந்துவிடுவார்கள். தெற்கே சைகோனிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் வண்டியை வந்த விலைக்கு அவன் தலையில் கட்டிவிட்டு விமானம் ஏறுவார்கள். அதையே அவன் துடைத்து, செயின் மாற்றி, சீட்டுக்குப் புது உறை போட்டு, அடுத்த வாரம் தெற்கே கிளம்புகிறவர்களுக்கு விற்பான். சில வண்டிகள் நான்கு தடவைகூட அவனிடமே திரும்பி வந்திருக்கின்றன. பதிவு அட்டையில் மட்டும் என்றைக்கோ முதலில் வாங்கிய எவனோ ஒருவனின் பெயர் அப்படியே இருக்கும். அந்த மனுஷன் உயிரோடு இருக்கிறானா என்று யாருக்குத் தெரியும்?

லுவான் பிறவி வியாபாரி இல்லை. சைக்கிள் கம்பெனியில் வெல்டிங் வேலை பார்த்தவன். கம்பெனியை இழுத்து மூடியதும் ஒரு கைப்பம்ப்பும் ஒரு வட்டிலில் தண்ணீருமாக நடைபாதையில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டினான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் ஆஸ்திரேலியாக்காரன் ஒருவன் நின்றுபோன வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, நீயே வைத்துக்கொள் என்று கையைக் காட்டிவிட்டு டாக்சியில் ஏறிப் போய்விட்டான். அதைச் சரி செய்து விற்றதில் ஆரம்பித்த பிழைப்பு இது. கற்றுக்கொண்ட ஆங்கிலம் பத்து வார்த்தை. அதில் நான்கு, 'குட் பைக்' என்பதும் 'நோ ப்ராப்ளம்' என்பதும். வாய் அதிகம் பேசாது, கை சும்மா இருக்காது. சந்தில் யார் வீட்டுக் கதவுக் கீல் உடைந்தாலும் அவன்தான் போய்ப் பற்ற வைத்துக் கொடுப்பான்.

அந்த வருஷம் புத்தாண்டு விடுமுறை முடிந்து ஆறாம் நாள் கடை திறக்க நல்ல நாள் பார்த்திருந்தார்கள். வருஷத்தின் முதல் போணி என்பது லேசுப்பட்ட விஷயமா? முதலில் படியேறுகிறவர் வெறுங்கையோடு திரும்பினால் வருஷமே நாசம். சந்தில் இதை நம்பாத ஒருவர் கிடையாது. லுவானுக்கோ நம்பிக்கை மட்டுமல்ல, அனுபவமே இருந்தது. போன வருஷம் முதல் ஆளாக வந்த ஒரு அம்மாள் கண்ணாடி ஒன்றுக்கு அரைமணி நேரம் பேரம் பேசிவிட்டு வாங்காமலே போனாள். தோஷம் கழிய வாசலில் காகிதம் கொளுத்திப் புகை காட்டினான், ஒன்றும் பலிக்கவில்லை. மார்ச்சில் அவன் மணிக்கட்டு முறிந்தது. ஜூலை மழையில் கடைக்குள் முழங்கால் தண்ணீர். டிசம்பரில் காற்றடிக்கும் மெஷினையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் இந்தத் தடவை அவன் ஆபத்துக்கு இடமே வைக்கவில்லை. மனைவி தோவாவின் மாமா ஒருவர், நாலு பிள்ளைகளும் இரண்டு வீடும் உள்ள ராசிக்காரர், சரியாக ஒன்பது மணிக்கு வந்து ஒரு ஸ்பார்க் பிளக் வாங்குவதாக ஏற்பாடு.

எட்டே முக்காலுக்கு வந்து நின்றது வேறு ஆள்.

மார்யா என்று பெயர். பின்லாந்தில் வீடு வீடாகத் தபால் கொடுக்கிறவள். நாற்பது வயதிருக்கும், வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். ஒரு வருஷம் சம்பளமில்லா விடுப்பு எடுத்து வந்திருக்கிறாள். வடக்கே மலையைச் சுற்றிவிட்டு லாவோஸ், கம்போடியா என்று போகப் போவதாக வரைபடத்தில் விரலால் கோடு போட்டுக் காட்டினாள். கடையில் இருந்தது நாலு வண்டி. சிவப்பில் உட்கார்ந்தாள், முழங்கால் கைப்பிடியில் இடித்தது. கறுப்பை உதைத்தாள், பத்து நாள் குளிரில் கிடந்த வண்டி கிளம்பவே இல்லை. மூன்றாவதைத் திரும்பியே பார்க்கவில்லை. ஓரமாகச் சாக்குக்குப் பின்னால் நின்ற பச்சை வண்டியைத்தான் கேட்டாள்.

அந்தப் பச்சை விற்பதற்கு நின்ற வண்டி இல்லை. பெட்ரோல் டேங்குக்கு அடியில், ஹேண்டில்பார் வந்து சேர்கிற கழுத்தில், வண்டியையே தாங்குகிற இரும்புச் சட்டம் வெடித்திருந்தது. உடைத்துப் பாகம் பாகமாக விற்பதாக இருந்தான். பண்டிகைக்கு முன்னால் தள்ளி ஓரங்கட்டுவதற்காக அந்த இடத்தில் ஒரு வெல்டு வைத்தான். வைத்த கை சும்மா இருக்குமா? பழக்க தோஷத்தில் மேலே கறுப்புப் பெயிண்டையும் அடித்துவிட்டது. இப்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது.

லுவான் கையை ஆட்டினான். சிவப்பைக் காட்டினான், நாளைக்கு வா என்று சைகை செய்தான். அவள் சிரித்துத் தலையசைத்துவிட்டுப் பையைத் தூக்கி மாட்டினாள். படியிறங்கிச் சந்தில் மூன்று எட்டு வைத்துவிட்டாள். எதிர்க்கடைக்காரி கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான், அவனுக்குப் போன வருஷம் முழுக்கக் கண்முன் வந்து நின்றது.

"ஓகே! பச்சை! குட் பைக்!" என்று கத்தினான்.

ஒன்பது மணிக்கு மாமா வந்து, "எனக்கு முன்னாலயே வெளிநாட்டுக்காரி போணி பண்ணிட்டாளாமே, அடிச்சது பாரு உனக்கு!" என்று முதுகில் தட்டிவிட்டு ஸ்பார்க் பிளக்கையும் வாங்கிக்கொண்டு போனார். சந்தைக்குப் போயிருந்த தோவா வந்ததும் முதலில் சாக்கைத்தான் பார்த்தாள்.

"எங்க, இங்க நின்ன வண்டி?"

"போணி ஆயிடுச்சு."

"உடைக்கணும்னு வெச்சிருந்தீங்களே, அதையா குடுத்தீங்க? கழுத்துல வெடிப்புன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"வெல்டு வெச்சிருக்கேன்ல."

"ஓரமா தள்றதுக்கு வெச்ச வெல்டுங்க அது. மலை ஏறறதுக்கா வெச்சீங்க?"

"நல்ல நாளும் அதுவுமா வாயை வெச்சுத் தொலைக்காதே. போய் ஊதுவத்தி ஏத்து."

தோவா ஏற்றினாள்.

மறுநாளிலிருந்து போட்டோ வர ஆரம்பித்தது. மார்யா நன்றி மறக்காதவள், அதுதான் அவனுக்கு வினையாகப் போனது. தினம் ஒரு படம், கீழே போனே மொழிபெயர்த்த இரண்டு வரி. நூடுல்ஸ் கடை வாசலில் பச்சை வண்டி. ஏரிக்கரையில் பச்சை வண்டி. 'திரு லுவான், உங்கள் வண்டி மிகவும் வலிமை, நன்றி.' பின்னால் மூட்டை, அதற்கு மேல் ஒரு கூடாரம், இரண்டு பக்கமும் தண்ணீர் கேன். அடிப்பாவி, இத்தனை கனத்தையா ஏற்றியிருக்கிறாள்!

படம் வந்ததும் அதை விரலால் விரித்து விரித்துப் பெரிதாக்குவான். ஏரியும் வேண்டாம், மலையும் வேண்டாம், டேங்குக்குக் கீழே அந்த நாலு விரற்கடை இடம்தான் வேண்டும். பெரிதாக்கினால் எல்லாம் கட்டம் கட்டமாகக் கலங்கிப் போகும். சோற்றுக் கிண்ணத்தை வைத்துக்கொண்டே பார்ப்பான். டயர் கழற்றிக்கொண்டே பார்ப்பான்.

"அந்தப் பொண்ணை நேர்ல பாத்தப்பகூட இவ்வளவு பாத்திருக்க மாட்டீங்க" என்றாள் தோவா. "நிறுத்தச் சொல்லி ஒரு வரி எழுதறதுக்கு என்ன கேடு?"

"என்னன்னு எழுத? ஓட்டை வண்டியை வித்துட்டேன்னா? எழுதினது சாட்சிடி. அதை அப்படியே போன்ல எல்லாருக்கும் காட்டினா நாளைக்கு ஒருத்தன் இந்தச் சந்துல கால் வெப்பானா?"

"காட்டறதுக்கு அந்தப் பொண்ணு உயிரோட இருக்கணும்ல?"

அன்று சாயங்காலம், ஆயில் இலவசமாக மாற்றித் தருகிறேன், திரும்பி வா என்று மட்டும் எழுதி அனுப்பினான். அவள் ஒரு சிரித்த முகத்தை அனுப்பினாள். யாராவது ஆயில் மாற்ற முந்நூறு கிலோமீட்டர் திரும்பி வருவார்களா? அவனுக்கே அது தெரியும்.

ஏழாம் நாள் வந்த படம் வடக்கு மலைமேல் இருக்கிற டோங் வானிலிருந்து. பக்கவாட்டில், பளிச்சென்ற வெயிலில் எடுத்தது. விரித்துப் பார்த்தான். கறுப்புப் பெயிண்டின் நடுவே துருநிறத்தில் ஒரு கோடு ஓடியது. பெயிண்ட் பிளந்து துரு எட்டிப் பார்க்கிறது என்றால் உள்ளே இரும்பு அசைகிறது என்று அர்த்தம். இருபது வருஷம் வெல்டு வைத்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. படத்துக்குக் கீழே, 'நாளை மறுநாள் பெரிய கணவாய்!' என்று எழுதியிருந்தாள். அந்தக் கணவாயில் ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் எட்டிப் பார்த்தால் ஆறு நூல்மாதிரி தெரியும்.

விடியற்காலையில் ஸ்கூட்டரை எடுத்தான். 'காத்திரு, நான் வருகிறேன், ஆயில்' என்று எழுதினான். அப்போதுகூட ஆயில்தான்! தோவா அவன் கழுத்தில் மப்ளரைச் சுற்றிவிட்டு, "போய்ச் சேர்ந்ததும் முதல்ல உண்மையைச் சொல்லுங்க. அப்புறம் தண்ணி குடிங்க" என்றாள்.

நாள் முழுக்க ஓட்டினான். ஹா ஜியாங் தாண்டியதும் தூறல், அதற்கு மேலே மூடுபனி. வழியில் எதிரே வந்த ஒவ்வொரு ஆம்புலன்ஸையும் ஓரமாக நின்று திரும்பிப் பார்த்தான். யென் மின்னில் ஸ்கூட்டர் விளக்குக்கு முன்னால் சாலையே தெரியாமல் போனதால் ஒரு பெட்ரோல் பங்க் பெஞ்சில் படுத்துவிட்டு, வெளுத்ததும் மறுபடி கிளம்பினான். அவள் படத்தில் இருந்த பலகையை வைத்து வீட்டைக் கண்டுபிடித்தபோது மணி ஏழரை. விருந்தினர் தங்குகிற மர வீடு. நடத்துபவள் லென், 'தாய்' என்கிற மலையினத்துக்காரி. முற்றத்தில் சோளத்தைப் பரப்பிக்கொண்டிருந்தாள். பச்சை வண்டியைக் காணோம்.

"அந்த நெட்டைப் பொண்ணா? ஆறு மணிக்கே எடுத்துட்டுப் போச்சு, அண்ணே. கணவாய்ல சூரியன் பாக்கணுமாம். இந்தப் பனியில எந்தச் சூரியன்? சொன்னா கேட்டாத்தானே!"

லுவான் ஸ்கூட்டரிலிருந்து இறங்க முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். போன் போட்டான், எடுக்கவில்லை. கால் மரத்துப் போயிருந்தது. பின்னால் போகலாம் என்று சாவியைத் திருகியபோது, கீழே வளைவில் ஒரு சத்தம் கேட்டது. ஆயிரம் வண்டிக்கு நடுவே வந்தாலும் அவனுக்குத் தெரிகிற சத்தம், அவனே திருகி வைத்த கார்புரேட்டர். மார்யா பனியிலிருந்து வெளியே வந்தாள், தலையெல்லாம் நனைந்து, மூக்கெல்லாம் சிவந்து. அவனைப் பார்த்ததும் ஓ என்று கத்தி இரண்டு கையையும் ஹேண்டில்பாரிலிருந்து தூக்கினாள்.

"கையை எடுக்காதே!" என்று அவன் அலறினான். அவளுக்கு அது எங்கே புரிந்தது.

வண்டி நின்றதும் அவன் வணக்கம்கூடச் சொல்லவில்லை. சீட்டைக் கழற்றினான், டேங்கைக் கழற்றினான். வெல்டு பாதிக்கு மேல் வாய் பிளந்திருந்தது. சீட்டுக்கு அடியில் இருந்த பதிவு அட்டையை அதற்குள் செருகினான், உள்ளே போனது. மார்யா குனிந்து பார்த்தாள். லென்னும் சோளக்கையோடு வந்து பார்த்தாள்.

"தங்கச்சி, உனக்கு இங்கிலீஷ் வருமா?"

"பன்னெண்டு வருஷமா இவங்களுக்குத்தானே சோறு போடறேன்."

"அப்ப சொல்லு. இது விக்கறதுக்கு முன்னாலயே வெடிச்சிருந்தது. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வித்தேன்."

லென் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இதைச் சொல்லவா ஹனோய்லேர்ந்து வந்தீங்க?"

"ஆமா."

"பெரிய மனுஷன்தான் நீங்க" என்றாள் அவள். அது பாராட்டு இல்லை. அப்புறம் ஆங்கிலத்தில் சொன்னாள், கொஞ்ச நேரமே பிடித்தது.

மார்யா படியில் உட்கார்ந்தாள். போய் வந்த சாலையை, பனிக்குள் அது மறைகிற இடத்தை, ரொம்ப நேரம் பார்த்தாள். லென் கொடுத்த தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். லுவானோ அப்போதுதான் மூச்சு விட்டான். சொல்லியாகிவிட்டது! வண்டி உடையவில்லை, அவள் விழவில்லை. எட்டு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. அவனுக்குத் திடீரென்று பயங்கரமாகப் பசித்தது. தன் ஸ்கூட்டரை எடுத்துக்கொள்ளச் சொன்னான், பணம் முழுக்கத் திருப்பித் தருவதாகச் சொன்னான், தான் பஸ்ஸில் போய்க்கொள்வதாகச் சொன்னான். லென் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கொஞ்சம் விட்டால் அவன் சிரித்தேயிருப்பான்.

மார்யா ஸ்கூட்டரைப் பார்க்கவில்லை. திறந்து கிடந்த அந்தக் கழுத்தையும், அதன்மேல் ஒழுங்காக அடித்திருந்த கறுப்புப் பெயிண்டையும் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்து மெதுவாக ஏதோ கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை.

"என்ன கேக்குது?"

"இந்த மாதிரி பெயிண்ட் அடிச்சு வேற எத்தனை வண்டி வித்திருக்கீங்கன்னு கேக்குது, அண்ணே."

அவன் வாயைத் திறந்தான். இது ஒன்றுதான் என்று சொல்லத்தான் திறந்தான். ஆனால் அதற்குள் ஒவ்வொன்றாக வந்துவிட்டது. பின் சக்கரத்துக் கவையில் ஒட்டுப்போட்ட ஊதா வண்டி, டென்மார்க் தம்பதி வாங்கிப் போனது. கால்மிதி அடியில் இரண்டு வெல்டு வைத்து விற்ற வேறொரு சிவப்பு. பிரேக் கட்டையைத் தேய்த்து மறுபடி போட்டுக் கொடுத்த இன்னொன்று, அதை வாங்கியவன் பெயர்கூட நினைவில்லை. எல்லாம் நோ ப்ராப்ளம் என்று அனுப்பியவை. எதிலும் அவனுக்குத் தூக்கம் கெட்டதில்லை, ஏனென்றால் அவர்களில் யாரும் போட்டோ அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை என்று அவன் ஒரு நாளும் யோசித்ததில்லை.

லென்னுக்கே மனசு இளகிவிட்டது. "இது ஒண்ணுதான்னு சொல்லிடட்டுமா?" என்று தணிந்த குரலில் கேட்டாள்.

"வேண்டாம்" என்றான் லுவான். "எண்ணி வெக்கலைன்னு சொல்லு, தங்கச்சி."